விசாரிக்கப்படாத கடன்

கோட்டையும் கஜானாவும் – 9

தஞ்சைக் கோட்டை 1773 செப்டம்பரில் கம்பெனிப் படையிடம் வீழ்ந்ததையும், துளஜாஜி மன்னர் சிறைப்பட்டதையும், காவிரி நாடு ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் கைக்குப் போனதையும் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்தப் படையெடுப்புக்கான பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அப்போது நிறுத்தி வைத்தோம். பெரும்பகுதி கடனாக வந்தது என்பதே விடை. கடன் பிறந்தது சென்னைக் கோட்டையில். அதற்கு மதிப்புக் கிடைத்ததோ இலண்டனில். 1785 பிப்ரவரி 28 அன்று ஆங்கில மக்களவையில் எட்மண்ட் பர்க் எழுந்து, நவாபின் கடன்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். விவாதத்துக்கு வந்த தீர்மானம் மிகச் சிறியது. கடன்களைத் தீர்க்கச் சொல்லி அரசு சென்னைக்கு அனுப்பிய உத்தரவு சம்பந்தமான தாள்களை அவையின் முன் வையுங்கள் என்பதுதான் அது. ஆதரவாக 69 பேரும் எதிராக 164 பேரும் வாக்களித்தார்கள். கடனைக் கொடுக்கலாமா கூடாதா என்ற கேள்விக்கே அவை போகவில்லை. தாளைப் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது. ஆற்காட்டுக் கடன் வரலாற்றின் மையம் இந்த மறுப்புதான் என்பது இப்பகுதியின் வாதம். யார் யாருக்கு எவ்வளவு லஞ்சம் கொடுத்தார் என்று தேடுவது சுவையான வேலை. ஆனால் பெரும் பணம் கைமாறியது லஞ்சத்தின் வழியாக அல்ல. பொதுப்பணத்தின் மீது ஒருவர் கொண்டுவரும் உரிமைக் கோரிக்கையை யாரோ ஒருவர் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையை நீக்கியதன் வழியாகத்தான் அது கைமாறியது.

முதலில் கடன் எப்படி வளர்ந்தது என்று பார்ப்போம். 1749-ல் தொடங்கிய வாரிசுப் போரில் கம்பெனியின் துப்பாக்கிகள்தான் முகமது அலியை நவாப் ஆக்கின. அதற்கு விலையும் இருந்தது. திருச்சிராப்பள்ளியைக் காத்ததிலிருந்து 1760–61 புதுச்சேரி முற்றுகை வரை கம்பெனி நடத்திய போர்களின் செலவு நவாபின் பேரில் எழுதப்பட்டது. அவர் தவணை தவணையாகக் கட்ட வேண்டும். நிலவரி அறுவடையை ஒட்டி வரும். கம்பெனியின் கிஸ்தி அறுவடைக்காகக் காத்திருக்காது. இந்த இடைவெளியை நிரப்பக் கோட்டைக்குள்ளேயே ஆட்கள் இருந்தார்கள். கம்பெனியின் சார்பில் நவாபிடம் பாக்கி கேட்கும் அதே அதிகாரிகள், தங்கள் சொந்தப் பணத்தையும் துபாஷிகள் திரட்டித் தந்த பணத்தையும் அவருக்குக் கடனாகக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் வட்டி 30 விழுக்காட்டையும் தாண்டியது. பிறகு 25, 20 என்று இறங்கி 1760-களின் பிற்பகுதியில் 10-ல் நின்றது. ஈடாக நவாப் எழுதிக் கொடுத்தது ஏதேனும் ஒரு வட்டாரத்தின் வரி வருமானம். அந்த வட்டாரத்து அமில்தார் வசூலித்ததைச் சேப்பாக்கம் அரண்மனைக்கு அனுப்பாமல் கடன் கொடுத்தவரின் ஆளிடம் கட்டினார். கதிர் முற்றுவதற்கு முன்பே அதன் மேல்வாரம் வெள்ளைக்காரர் ஒருவரின் பெட்டியில் பத்திரமாகக் கிடந்தது.

இதுவரை சொன்னது கந்துவட்டிக் கதை. அரசியல் கதையாக அதை மாற்றியது வேறொன்று. கம்பெனி ஊழியர்கள் சுதேச மன்னர்களிடம் பரிசு வாங்குவதை இயக்குநர்கள் 1760-களிலேயே தடை செய்தார்கள். 1773-ல் வந்த ஒழுங்குமுறைச் சட்டம் அதைச் சட்டக் குற்றமாகவே ஆக்கியது. பரிசுக்குத் தடை வந்தது. கடன் கொடுப்பதற்கு வரவில்லை. வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதோடு அந்தச் சட்டம் நின்றுவிட்டது. சென்னைக் கவுன்சிலில் ஒருவரின் வாக்கு நவாபுக்கு வேண்டும் என்றால், மோகராக்களைத் தட்டில் வைத்து நீட்ட வேண்டியதில்லை. அவரிடம் இவ்வளவு கடன் பட்டிருக்கிறேன் என்று ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும். உண்மையில் ரொக்கம் கொடுத்தவரின் பத்திரமும், ஒரு காசும் கொடுக்காதவரின் பத்திரமும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். லஞ்சத்தை உடனே செலவழிக்கலாம். இத்தகைய பத்திரத்தை அப்படிச் செலவழிக்க முடியாது. என்றாவது ஒரு நாள் ஓர் அரசாங்கம் இது செல்லும் என்று சொன்னால்தான் அது பணமாகும். ஆகவே பத்திரம் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அரசாங்கத்தை வசப்படுத்துவது கூடுதல் வேலையாக இருக்கவில்லை, அதுவே முதலீடாக இருந்தது. கடன் கொடுத்தவர்கள் ஏன் நாடாளுமன்றத்தைத் தேடிப் போனார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த வேலை எப்படி நடக்கும் என்பதைச் சென்னை 1776-ல் பார்த்தது. தஞ்சையைத் துளஜாஜியிடம் திருப்பிக் கொடுக்குமாறு இயக்குநர்கள் உத்தரவிட்டு, பிகட் பிரபுவை மீண்டும் ஆளுநராக அனுப்பினார்கள். ஏப்ரலில் மன்னர் அரியணை ஏறினார். உடனே பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஊழியர் ஒரு கோரிக்கையோடு கவுன்சிலுக்கு வந்தார். 1764-ல் கட்டடப் பணிக்காகச் சென்னை வந்தவர் அவர். சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் என்று சொல்லப்படுபவர். ஆண்டுச் சம்பளம் சில நூறு பவுண்டு. தஞ்சை நவாபின் கையில் இருந்தபோது அதன் விளைச்சலை ஈடாக வைத்து நவாபுக்கு 1,62,000 பவுண்டும், தஞ்சைக் குடிமக்களுக்கு 72,000 பவுண்டும் கடன் கொடுத்திருப்பதாகவும், ஆகவே வயலில் நிற்கும் பயிர் தனக்குச் சேர வேண்டும் என்றும் சொன்னார். ஆதாரம் கேட்டபோது அவரால் திருப்தியாக எதையும் காட்ட முடியவில்லை. நவாபைக் கேளுங்கள், அவரே ஒப்புக்கொள்வார் என்பதுதான் பதில். நவாபும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்வதால் அவருக்கு என்ன நட்டம்? கொடுக்கப் போவது தஞ்சை. கவுன்சில் முதலில் மறுத்தது. பிறகு பெரும்பான்மை பென்ஃபீல்டின் பக்கம் சாய்ந்தது. சாய்ந்தவர்களில் நவாபின் பத்திரங்களை வைத்திருந்தவர்களும் உண்டு. தஞ்சைக்கு யாரை அனுப்புவது என்ற சண்டையும் இதோடு சேர்ந்துகொண்டது. ஆகஸ்ட் 24 அன்று ஆளுநரையே கைது செய்து பரங்கிமலையில் காவலில் வைத்தார்கள். 1777 மே மாதம் காவலில் இருக்கும்போதே பிகட் இறந்தார். கைதுக்குப் பொறுப்பான நால்வர் இலண்டனில் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, 1780-ல் ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம் கட்டிவிட்டுப் போனார்கள். கோரப்பட்ட தொகை 2,34,000 பவுண்டு என்பதை நினைவில் கொண்டால், அந்த அபராதம் தண்டனையா, தொழிற்செலவா என்று கேட்கத் தோன்றும்.

பிகட் போன பிறகு கடனுக்குக் காவல் இல்லாமல் போனது. அதுவரை ஒரே ஒரு தொகுப்புக் கடன்தான் இருந்தது. 1767-ல் பல பேரின் பத்திரங்களைச் சேர்த்து எழுதப்பட்ட 8,80,000 பவுண்டு அது. 1777-ல் இன்னும் இரண்டு சேர்ந்தன. நவாபின் குதிரைப்படையைக் கலைக்க வேண்டும், கலைக்குமுன் வீரர்களின் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று சொல்லி வாங்கப்பட்ட 1,60,000 பவுண்டு ஒன்று. கடன் கொடுத்தவர்கள் வரி வருமானத்தை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு, பணத்தை நெடுநாள் கண்ணில் காட்டாமல் இழுத்தடித்தார்கள் என்பது பர்க்கின் குற்றச்சாட்டு. மற்றொன்று எல்லாவற்றையும் விழுங்கியது. 24 லட்சம் பவுண்டு, வட்டி 12 விழுக்காடு, அதாவது சட்டம் அனுமதித்த உச்சம். இதைக் கேள்விப்பட்ட இயக்குநர்கள் அதிர்ந்துபோய்க் கண்டனக் கடிதம் எழுதினார்கள். சென்னையில் அன்று இருந்த ஐரோப்பியர் எல்லோருடைய சம்பளத்தையும் சேர்த்தாலும் இவ்வளவு ரொக்கம் எப்படித் திரண்டிருக்கும் என்ற சந்தேகம் யாருக்கும் எழக்கூடியதே. மூன்றே ஆண்டுகளில், 1780 ஜூலையில், ஹைதர் அலி மலையிறங்கி வந்தார். கர்நாடகச் சமவெளி எரிந்தது, பஞ்சமும் பின்தொடர்ந்தது. வரி கொடுக்க வேண்டிய ஊர்கள் காலியாகின. பத்திரங்களில் வட்டி மட்டும் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

ஆற்காட்டின் ஆட்கள் இலண்டனில் வேலையைத் தொடங்கி அப்போது பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 1768-லேயே ஜான் மெக்பெர்சன் என்ற இளைஞர் நவாபின் தூதராகப் போய், பிரதமர் கிராஃப்டன் பிரபுவை அணுகிப் பரிசுகள் தர முயன்றார்; பிரபு வாங்கவில்லை. கொடுத்தவர் அதனால் கெட்டுப்போகவில்லை. 1779-ல் கிரிக்லேட் என்ற சிற்றூரின் உறுப்பினராக மக்களவைக்குள் நுழைந்த அவர், 1785-ல் தற்காலிகக் கவர்னர் ஜெனரலாகவே உயர்ந்தார். 1780 தேர்தலில் அதே கிரிக்லேட்டின் இரண்டாவது இடம் பென்ஃபீல்டுக்குக் கிடைத்தது. வாக்கை விற்பதற்குப் பேர்போன அந்த ஊரின் வாக்குரிமையைச் சீர்திருத்த 1782-ல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. ஆசியான் பாடல்களால் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்ற ஜேம்ஸ் மெக்பெர்சன் நவாபின் இலண்டன் முகவரானார், துண்டுப்பிரசுரங்கள் எழுதினார், கேமல்ஃபோர்டு தொகுதியின் உறுப்பினராகவும் இருந்தார். நினைவுக்குறிப்புகளுக்காக இன்று அறியப்படும் நத்தானியல் ராக்ஸாலும் நவாபுக்காக உழைத்த உறுப்பினர்தான். பென்ஃபீல்டின் இலண்டன் விவகாரங்களைக் கவனித்த ரிச்சர்ட் அட்கின்சன் இவர்கள் எல்லோரிலும் திறமைசாலி. கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவரான அவர், 1784 பொதுத்தேர்தலில் இளைய பிட்டின் பக்கத்துக்குத் தொகுதி வாரியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களிலும் ஒருவர். பென்ஃபீல்ட் தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை அவைக்குள் வைத்திருந்தார் என்று பர்க் பின்னால் குற்றம் சாட்டினார்.

தேர்தலில் வென்ற பிட் 1784 ஆகஸ்டில் தம் இந்தியச் சட்டத்தை நிறைவேற்றினார். நவாபின் கடன்களைப் பற்றி அதில் ஒரு தெளிவான பிரிவு இருந்தது: கடன்கள் எப்படித் தோன்றின, நியாயமானவைதாமா என்று இயக்குநர்கள் ஆராய வேண்டும், நியாயமானவற்றைத் தீர்க்க வழி செய்ய வேண்டும். இயக்குநர்களும் விசாரணைக்கு உத்தரவிடும் கடிதம் ஒன்றைச் சென்னைக்கு வரைந்தார்கள். அதே சட்டம் கம்பெனிக்கு மேலே ஆறு பேர் கொண்ட கட்டுப்பாட்டு வாரியம் ஒன்றையும் உண்டாக்கியிருந்தது. அதன் உயிர்நாடி ஹென்றி டண்டாஸ். வரைவு வாரியத்துக்குப் போனது. அக்டோபரில் திரும்பி வந்தபோது விசாரணை காணாமல் போயிருந்தது. மூன்று கடன்களும் ஏற்கப்பட்டுவிட்டன. கர்நாடக வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுண்டு, எடுத்து வைத்து வட்டியோடு தீர்க்க வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. நவாப் கம்பெனிக்குத் தர வேண்டியிருந்த போர்ச்செலவுக்குக்கூட வரிசையில் முதலிடம் இல்லை. இயக்குநர்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள்; பயன் இல்லை. போரின் நடுவே 1781 டிசம்பரில் கர்நாடக வரிவசூலை நவாபிடமிருந்து கம்பெனிக்கு எழுதி வாங்கியிருந்த ஆளுநர் மெக்கார்ட்னி, அதைத் திரும்ப நவாபிடமே கொடுக்கும்படி பணிக்கப்பட்டு, 1785-ல் பதவியை விட்டார். கடன் கொடுத்தவர்களுக்கு வேண்டியதும் இதுதான். நேர்மையான வசூல்காரரிடமிருந்து பத்திரத்துக்குப் பணம் பெறுவதைவிட, நவாபின் அமில்தாரிடமிருந்து பெறுவது எளிது.

டண்டாஸின் பக்கத்திலும் வாதங்கள் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. விசாரணை தொடங்கினால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். சாட்சிகள் பாதிப் பேர் இறந்துவிட்டார்கள், மீதிப் பேர் இரண்டு கண்டங்களில் சிதறிக் கிடக்கிறார்கள் என்பது முதல் வாதம். பத்திரங்கள் சந்தையில் கைமாறியிருக்கின்றன; இன்று வைத்திருப்பவர் காசு கொடுத்து வாங்கியவராக இருக்கலாம், முதல் கையின் குற்றத்துக்கு அவரைத் தண்டிக்கலாமா என்பது இரண்டாவது. கடன்பட்டவரே ஒப்புக்கொள்ளும்போது மூன்றாமவர் ஏன் சந்தேகப்பட வேண்டும், தகராறு இருந்தால் நவாபோ கம்பெனியோ மற்றக் கடன்காரர்களோ ஆட்சேபிக்கலாமே என்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் விசாரணையைச் சுருக்கமாக நடத்தவும், பத்திரங்களைத் தரம் பிரிக்கவும் அவை காரணமாகலாம். விசாரணையையே விட்டுவிடக் காரணமாகா. மூன்றாவது வாதத்தைத் தஞ்சையில் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். நவாப் ஒப்புக்கொள்வது சாட்சியமே அல்ல, ஏனென்றால் ஒப்புக்கொள்வதால் அவர் எதையும் இழக்கவில்லை, மறுத்தால் கவுன்சிலிலும் இலண்டனிலும் நண்பர்களை இழப்பார். கொடுக்கப் போகும் குடியானவருக்கு ஆட்சேபிக்கும் உரிமையை யாரும் தரவில்லை. கர்நாடகப் போரின் காரணங்களை ஆராய 1781-ல் அமைந்த நாடாளுமன்றக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரே டண்டாஸ்தான் என்பதால், இவை எதுவும் அவருக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது.

விசாரித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? நடக்காத ஒன்றைப் பற்றி வரலாற்றில் பொதுவாக ஊகிக்கத்தான் முடியும். இந்த விஷயத்தில் நமக்கு ஓர் அரிய வாய்ப்பு இருக்கிறது: இதே நவாப் குடும்பத்தின் கடன்கள் இரண்டு முறை தீர்க்கப்பட்டன, ஒரு முறை விசாரணை இல்லாமல், ஒரு முறை விசாரணையோடு. 1784-ல் ஏற்கப்பட்ட கடன்களுக்கு 1804 வாக்கில் ஏறத்தாழ 50 லட்சம் பவுண்டு கொடுத்து முடித்தார்கள். அதற்குள் 1801-ல் கர்நாடகம் கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்திருந்த கடன்களைச் சோதிக்க 1805-ல் ஆணையர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் முன் வந்து குவிந்த கோரிக்கைகளின் மொத்தம் 3,04,04,919 பவுண்டு. 1814 நவம்பர் வரை அவர்கள் தீர்ப்பு வழங்கிய 2,03,90,570 பவுண்டில் உண்மை என்று ஏற்றது 13,46,796 மட்டுமே. 1,90,43,774 பவுண்டு பொய் என்று தள்ளுபடியானது. ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்குதான் தேறியது. ஜேம்ஸ் மில் தம் இந்திய வரலாற்றில் இந்தக் கணக்கை எடுத்துவைத்து, 1784-ன் முடிவை எடைபோட இதுவே போதும் என்ற வகையில் வாதிட்டார். ஆணையத்தின் வேலை 1830-ல் முடிந்தபோதும், ஏற்கப்பட்ட தொகை கோரப்பட்டதில் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை.

மில்லின் ஒப்பீட்டை அப்படியே விழுங்கவும் கூடாது. இரண்டாவது தொகுதி வேறு வகையானது. முகமது அலி 1795-ல் இறந்துவிட்டார், அரசு மாறிவிட்டது, மறுத்துப் பேச ஆளில்லாத கஜானாவின் மீது யார் வேண்டுமானாலும் பத்திரம் புனைந்துகொண்டு வரலாம். அப்படி வந்தவற்றில் பொய் மிகுந்திருப்பது இயல்பு. 1767 கடனிலோ, கணிசமான அளவு உண்மையான ரொக்கம் இருந்தது என்பதைப் பர்க்கே பெரும்பாலும் ஏற்கிறார். ஆகவே 1784-ல் தீர்த்ததிலும் பதினைந்தில் ஒன்றுதான் உண்மை என்று முடிவு கட்ட முடியாது. பாதி உண்மை என்றே வைத்துக்கொள்வோம். முக்கால் பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். எவ்வளவு என்று இன்றும் நம்மால் சொல்ல முடியாததற்குக் காரணம், தெரிந்துகொள்ளும் வாய்ப்பை அரசே வேண்டாம் என்று சொன்னதுதான். ஒப்பீட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பொய்ப் பத்திரங்கள் அந்த அளவு குவிந்தது ஏன்? சந்தேகத்துக்குரிய 24 லட்சத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் அரசு ஏற்றுக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள். கையில் ஒரு பத்திரமும் இலண்டனில் ஒரு நண்பரும் இருந்தால் என்றைக்காவது காசாகும் என்ற பாடத்தைச் சென்னைக்குக் கற்பித்தது 1784 அக்டோபர் உத்தரவு. இரண்டாவது தொகுதியின் பொய்கள், முதல் தொகுதியை விசாரிக்காமல் விட்டதன் விளைச்சல்.

பர்க்கின் யோக்கியதையைக் கேள்வி கேட்பது மற்றோர் எதிர்வாதம், அதுவும் அடிப்படையற்றதல்ல. அவருடைய நெருங்கிய உறவு என்று கருதப்பட்ட வில்லியம் பர்க், 1777 முதல் தஞ்சை மன்னரின் முகவர். நவாபின் தஞ்சைப் படையெடுப்பைத் தாக்கி 1779-ல் வெளிவந்த பிரசுரத்தில் இருவரின் கையும் இருந்தது. 1782-ல் எட்மண்ட் படைச் சம்பளத் துறைக்குப் பொறுப்பேற்றபோது, இந்தியாவில் அரசப் படைக்கான துணைப் பொறுப்பு வில்லியமுக்குக் கிடைத்தது. இதைவிட வெளிப்படையான சார்பு வேண்டுமா? ஆற்காட்டின் முகவர்களைச் சாடியவர் தஞ்சையின் முகவரோடு ஒரே வீட்டுக்காரராக இருந்தார் என்பதை மறைத்துவிட்டு அவரை அறத்தின் குரலாகக் காட்டுவது வரலாறாகாது. ஆனால் இந்த உண்மை யாருக்குச் சாதகம்? ஒரு தரப்பின் முகவர் மறுதரப்பின் கணக்கைக் காட்டச் சொல்கிறார். அவர் நோக்கம் தூய்மையாக இல்லாமல் இருக்கலாம். கணக்கைக் காட்டினால் அவர் சொல்வது பொய் என்று நிரூபித்தும் விடலாம். காட்டாமல் இருப்பதற்கு அவருடைய சார்பு காரணமாகாது. இரு தரப்புக்கும் முகவர்கள் இருப்பதால்தான் இருவரையும் சாராத ஒரு விசாரணை வேண்டும். பர்க்கின் சொந்த லாபத்தைச் சுட்டிக்காட்டும் ஒவ்வொரு வாதமும் கடைசியில் அவருடைய கோரிக்கைக்கே வலு சேர்க்கிறது.

மக்களவையில் அன்று 558 இடங்கள். பர்க் சொன்ன எட்டு மிகை இல்லை என்றே கொண்டாலும், எட்டுப் பேரால் என்ன செய்துவிட முடியும் என்ற கேள்வி நியாயமானதே. அவர்களும் எப்போதும் ஒரே அணியாக நிற்கவில்லை. நவாபின் முகவருக்கும் கடன் கொடுத்தவரின் முகவருக்கும் நலன்கள் அடிக்கடி மோதின. பென்ஃபீல்டின் தேர்தல் உதவிக்குக் கைம்மாறாகத்தான் கடன் ஏற்கப்பட்டது என்ற பர்க்கின் குற்றச்சாட்டுக்கு எழுத்தில் உடன்படிக்கை எதுவும் இல்லை. அதை நிரூபிக்கப்பட்டதாகச் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. முடிவு எங்கே எடுக்கப்பட்டது என்று பாருங்கள். 558 பேர் கூடும் அவையில் அல்ல, ஆறு பேர் கொண்ட வாரியத்தில், அதிலும் ஒருவரின் மேசையில். அவை செய்ய வேண்டியிருந்ததெல்லாம் கேட்காமல் இருப்பது. கேட்காமல் இருக்க யாருக்கும் லஞ்சம் கொடுக்க வேண்டியதில்லை. கர்நாடகத்தின் 12 லட்சம் வராகன் எந்த ஆங்கில வாக்காளரின் பையிலிருந்தும் போகவில்லை. அதைக் கொடுப்பவருக்கு அந்த அவையில் ஒரு வாக்கும் இல்லை. ஆனால் பெறப் போகிறவர்களுக்கோ, ஒவ்வொரு வாக்கின் விலையும் தெரியும். ஆதாயம் சில பேரிடம் குவிந்து, சுமை பல லட்சம் பேர் மீது பரவிக் கிடக்கும்போது, சில பேர் அயராமல் வேலை செய்வார்கள், பல லட்சம் பேருக்கு விஷயமே தெரியாது. லாபி வேலை பெரும்பாலும் வெல்வது இந்த ஏற்றத்தாழ்வால்தான். எட்டு என்ற எண்ணிக்கை சிறியதாக இருப்பது அதன் பலவீனத்தைக் காட்டவில்லை, வேலை எவ்வளவு மலிவாக முடிந்தது என்பதையே காட்டுகிறது.

நவாபை ஏமாந்த அப்பாவியாகக் காட்டும் பழக்கமும் நம்மிடம் உண்டு. முகமது அலி அப்பாவி அல்லர். கம்பெனியைத் தாண்டி மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கே நேராகக் கடிதம் எழுதியவர். 1770-ல் மன்னரின் தூதராகச் சர் ஜான் லிண்ட்சே சென்னைக்கு வந்தபோது, அவரை வைத்துக் கோட்டையைப் பணிய வைக்கப் பார்த்தவர். கடன் அவருக்கு ஒரு கேடயம். தம்மிடம் பணம் வர வேண்டியவர்கள் கவுன்சிலில் இருக்கும்வரை தம் அரசு கவிழாது என்று அவர் கணக்குப் போட்டார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் அந்தக் கணக்கு பலிக்கவும் செய்தது. கேடயத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு. 1787-ல் ஆளுநர் ஆர்ச்சிபால்ட் கேம்ப்பெலோடு நவாப் செய்த உடன்படிக்கையைப் பார்த்தால் போதும்: நாட்டின் பாதுகாப்புக்காகக் கம்பெனிக்கு ஆண்டுக்கு 9 லட்சம் வராகன், கடன் கொடுத்தவர்களுக்கு 12 லட்சம் வராகன். ஹைதரின் போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆன நாடு, படைக்குக் கொடுப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாகப் பழைய பத்திரங்களுக்குக் கொடுத்தது. பர்க் தம் பேச்சில் இந்நாட்டு ஏரிகளைப் பற்றி நீண்ட இடம் ஒதுக்கினார். முன்னோர் கட்டிய ஏரிகளும் கரைகளும்தான் இங்கே விவசாயத்தின் உயிர், அவற்றைச் செப்பனிட வருமானத்தில் ஒரு பகுதி நாட்டிலேயே தங்க வேண்டும், தங்க வேண்டியது இலண்டனுக்குப் போகிறது என்பது அவர் வாதம். சார்பை எல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இது நிற்கிறது. கரை உடைந்த ஏரியைத் திருத்தாமல் விட்ட செலவு எந்தக் கணக்கேட்டிலும் கடன் என்று எழுதப்படுவதில்லை.

பென்ஃபீல்ட் பிற்காலத்தில் வங்கித் தொழிலில் நொடித்து, 1810-ல் பாரிஸ் நகரில் வறுமையில் இறந்தார். தெய்வம் நின்று கொன்றது என்று இதைச் சொல்லித் திருப்திப்படுபவர்கள் உண்டு. அவர் செல்வராகவே இறந்திருந்தாலும் இந்த வரலாற்றின் பொருள் மாறியிருக்காது. அவரிடமிருந்து ஒரு வராகனும் கர்நாடகத்துக்குத் திரும்பி வரவில்லை. கெட்டவர் ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டால் ஊழல் புரிந்துவிட்டது என்று நினைப்பதுதான் இதில் நமக்கு நேரும் பிழை. 1784-ல் சட்டம் சரியாக இருந்தது, விசாரிக்கச் சொன்னது. இயக்குநர்களின் வரைவும் சரியாக இருந்தது. இடையில் ஒரு மேசையில் சில வரிகள் மாறின, அவை மாறியதற்கான தாள்களைக் கேட்ட 69 பேர் தோற்றார்கள், அவ்வளவில் பல லட்சம் பவுண்டு கைமாறிவிட்டது. அரசின் செலவு ஒன்றைப் பார்க்கும்போது, பெற்றவர் யார், அவருக்கு வேண்டியவர் யார் என்று கேட்பதோடு நிற்காமல், இந்தக் கோரிக்கை உண்மையா என்று சோதித்தவர் யார், சோதனை எந்தக் கட்டத்தில் கைவிடப்பட்டது என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்குப் பல சமயம் பதில் கிடைக்காது. இரண்டாவதற்கான பதில் அரசின் சொந்த ஆவணங்களிலேயே இருக்கும். ஆற்காட்டு விஷயத்தில் அது 1784 அக்டோபரின் திருத்தப்பட்ட ஒரு கடிதத்தில் இருந்தது.

நவாபின் கேடயமும் இதே காரணத்தால்தான் கடைசியில் பயனற்றுப் போனது. பழைய பத்திரங்களுக்கு இலண்டனே பொறுப்பேற்றுப் பணம் வரத் தொடங்கிய பிறகு, கடன் கொடுத்தவர்களுக்கு நவாப் தேவைப்படவில்லை. கர்நாடகத்தை யார் ஆண்டாலும் 12 லட்சம் வந்தால் சரி. தம்மைக் காக்க அவர் கோட்டைக்குள் வாங்கி வைத்திருந்த வாக்குகள், விலை பெற்றுக்கொண்டு விலகிவிட்டன. அவருடைய பேரன்களின் தலைமுறையில், 1801 ஜூலை 31 அன்று, வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பெற்றுக்கொண்டு நாட்டை முழுவதுமாக எழுதிக் கொடுக்கும் நாள் வந்தது. திப்புவின் அரண்மனையில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்களைக் காரணம் காட்டி வெல்லெஸ்லி பிரபு அதை எப்படி முடித்தார் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.